செம்புக் கேப்பு

கயிறு பனியில் நனைந்து விறைத்துப் போயிருந்தது. இர்மெலி இரண்டு கையாலும் இழுத்து, நீலச் சிலுவைக் கொடியைக் கம்பத்தின் உச்சிவரை ஏற்றினாள். அப்புறம் மூன்றில் ஒரு பங்கு கீழே இறக்கிக் கட்டினாள். ஒரேயடியாக நடுவில் நிறுத்தக் கூடாது. உச்சியைத் தொட்டுவிட்டுத்தான் துக்கக்கொடி இறங்க வேண்டும். அம்மா செத்த அன்றைக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது அப்பா தவுனோதான். இன்றைக்கு அவருக்கே ஏற்றியாகிவிட்டது. மணி காலை எட்டு. அவர் மூச்சு நின்றது ஐந்தரைக்கு.

ஏரிக்கு அக்கரையில் அப்பாவின் சிநேகிதர் ஆர்மாஸ் வீட்டுச் சமையலறை ஜன்னல் இந்தக் கம்பத்தைப் பார்த்தபடிதான் இருக்கிறது. ஃபோன் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை. அந்த மனுஷன் குரலைக் காலையில் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை, அதுதான் உண்மை. கொடி சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

உள்ளே வந்து காபிக்குத் தண்ணீர் வைக்கும்போதே ஃபோன் அடித்தது. வேட்டைச் சங்கத் தலைவர் ரெய்யோ.

"இப்பதான் ஆர்மாஸ் சொன்னான், கொடியப் பாத்தேன்னு. ரொம்ப வருத்தமா இருக்கும்மா, இர்மெலி."

"ம்."

"டாக்டர் வந்தாச்சா?"

"ரெண்டு மணிக்குத்தான் வர்றாங்களாம். நர்ஸ் வந்துட்டுப் போயாச்சு."

"இன்னைக்குன்னு பாத்துப் போயிருக்கான் பாரு. இருபதாம் தேதி! வேணும்னே நாள் பாத்த மாதிரி." ரெய்யோ மூக்கை உறிஞ்சினார். "சரி, பன்னெண்டு மணிக்கு ஏரியில எல்லாரும் காத்திருப்போம். முதல் வெடி ஆர்மாஸோடது. தவுனோ கையால அடைச்ச தோட்டா இருக்கில்ல?"

"இருக்கு," என்றாள் இர்மெலி. வேறு என்ன சொல்வாள்?

ஆகஸ்ட் இருபது நண்பகல் பன்னிரண்டுக்கு வாத்து வேட்டை தொடங்கும். நாடு முழுக்க அப்படித்தான். ஆனால் இந்த ஏரிக்காரர்களுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. சங்கத்தில் ஒருவன் செத்தால், அடுத்து வருகிற இருபதாம் தேதி அவனுடைய வேட்டை ஜோடிக்காரன், அவன் கையால் அடைத்த தோட்டாவைப் போட்டு, அவன் நின்ற இடத்திலிருந்தே முதல் வெடியை வானத்தைப் பார்த்து வெடிக்க வேண்டும். அதுவரை வாத்து மூக்குக்கு நேராக நீந்திப் போனாலும் ஒருத்தனும் விசையைத் தொடமாட்டான். கடைத் தோட்டா செல்லாது. ஒரு வருஷம் தபால்காரர் பெண்டாட்டி, தையல் பெட்டிக்குள் பதினோரு வருஷமாகக் கிடந்த ஒற்றைத் தோட்டாவைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அவ்வளவு கறார்.

தவுனோவும் ஆர்மாஸும் நாற்பத்தைந்து வருஷ ஜோடி. ஒரே நாளில், ஒரே கடையில், அடுத்தடுத்த எண் போட்ட இரண்டு இரட்டைக்குழல் துப்பாக்கிகளை வாங்கியவர்கள். பழைய காலத்துச் சரக்கு, தோட்டா உட்காரும் இடம் குட்டை. இப்போது கடையில் விற்கிற தோட்டா அதற்கு நீளம். அதனால் பழைய பித்தளைக் கூடுகளையே திரும்பத் திரும்ப அடைத்துக் காலத்தை ஓட்டினார்கள். அடைக்கிறதெல்லாம் தவுனோதான். சுட்ட கூட்டின் அடியிலிருந்து, ஊசி குத்தினதும் நெருப்புப் பற்றவைக்கிற குட்டித் தொப்பியை, அதாவது செத்துப்போன கேப்பை, தட்டி எடுப்பார். புதுக் கேப்பை அழுத்துவார். அப்புறம் வெடிமருந்து, தக்கை, ஈய ரவை, மேலே ஓர் அட்டை வட்டம். ஆர்மாஸ் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவதோடு சரி.

அந்தக் கூட்டுக்கு ஒரே வகைக் கேப்புதான் பொருந்தும். கொஞ்சம் தடிமன், செம்புத் தலை. அதைச் செய்த தொழிற்சாலை நிறுத்தி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது கிடைப்பது வெள்ளித் தலை, ஒரு மயிரிழை மெல்லிசு. பழைய கூட்டில் வைத்தால் ஆடும். ஆடினால் நெருப்பு முன்னால் போகிறதோடு நிற்காது, பின்னாலும் வரும், சுடுகிறவன் முகத்துக்கு.

ஐந்து வருஷத்துக்கு முன் ஒருநாள், செம்புக் கேப்பு தீர்ந்துபோய்விட்டது என்று தவுனோ சொன்னார். சொல்லிவிட்டு ஒரு வழியும் கண்டுபிடித்தார். வெள்ளிக் கேப்பைச் சுற்றி சிகரெட் காகிதத்தை ஒரு சுற்றுச் சுற்றி அழுத்தினால் இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். அவருக்கு அப்போதே கை நடுக்கம். இர்மெலிக்கோ மருந்துக்கடையில் இருபத்தெட்டு வருஷம் பொட்டலம் கட்டிய விரல். வேலையை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்தவள், ஆர்மாஸுக்கான தோட்டாக்களுக்கெல்லாம் சமையலறை மேஜையில் உட்கார்ந்து காகிதம் சுற்றிக் கொடுத்தாள். "இது பரவாயில்லையாப்பா?" என்று ஒரு தடவை கேட்கத்தான் செய்தாள். "எனக்குத் தெரியாதா?" என்றார் அவர். அதோடு விட்டுவிட்டாள். ஆர்மாஸிடம், புதுக் கேப்பிலேயே பொருந்துகிற வகை ஒன்று கிடைத்துவிட்டது என்று சொல்லி வைத்தார்.

மூன்று இலையுதிர்காலத்துக்கு முன், நாணலுக்குள் நின்று சுட்டபோது இடது குழலின் பின்பக்கமாக நெருப்பு பீறிக்கொண்டு வந்து ஆர்மாஸின் இடது கண் போனது.

கல்லுளிமங்கன் மாதிரி நின்றார் தவுனோ. "கிழட்டுத் துப்பாக்கி. குழல மூடற பூட்டு தளந்திருக்கு. நான்தான் நாலு வருஷமா சொல்லிட்டிருக்கேனே," என்றார். ஊரும் அதையே சொன்னது. ஆர்மாஸும் அதையே நம்பினார். யோவென்சூ ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது காரில் அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார்: "வாயத் தொறக்காத." அவளும் திறக்கவில்லை. மூன்று வருஷமாயிற்று.

அதற்கப்புறம் தவுனோ காகிதத் தோட்டா அடைக்கவே இல்லை. இரண்டு குளிர்காலத்துக்கு ஆர்மாஸ் வீட்டு விறகு முழுவதையும் நடுங்குகிற கையோடு இவரே பிளந்து அடுக்கினார். கண் டாக்டரிடம் மாதாமாதம் தொண்ணூறு கிலோமீட்டர் கார் ஓட்டிக் கூட்டிப்போனார். இப்படி ஒரு சிநேகிதன் யாருக்குக் கிடைப்பான் என்று சர்ச் வாசலில் பெண்கள் சொன்னபோதெல்லாம் இர்மெலி கார் சாவியைத் தேடுகிற சாக்கில் நகர்ந்துவிடுவாள்.

போன வியாழக்கிழமை ஆர்மாஸ் பார்க்க வந்திருந்தார். துப்பாக்கியின் பூட்டைச் சரிபண்ணியாகிவிட்டது, இந்த வருஷம் வேட்டையில் இறங்கலாமென்று இருக்கிறேன் என்றார். "எனக்கு அடைச்சு வெச்சது ஏதாச்சும் மிச்சமிருக்காடா?" என்றும் கேட்டார். படுக்கையில் கிடந்த தவுனோ சுவரைப் பார்த்துக்கொண்டு, "பட்டறை அலமாரியில செவப்புப் பெட்டி இருக்கு. பத்து இருக்கும்," என்றார். இர்மெலி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ஆர்மாஸ் போனபிறகு குனிந்து, "அப்பா, அது காகிதம் சுத்தினது," என்றாள். "தெரியும்," என்றார். "இல்லன்னு சொன்னா ஏன் இல்லன்னு கேப்பான்." கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் நான்கு நாள் அவர் உருப்படியாக எதுவும் பேசவில்லை.

பெட்டியை ஒளித்துவிட்டு, ஈரத்தில் கெட்டுப்போய்விட்டதென்று சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இப்போது முதல் வெடி என்று வந்து நின்றுவிட்டது. தவுனோ கையால் அடைத்த நல்ல தோட்டா ஒன்றிரண்டாவது வேண்டும். எங்கே போவாள்?

காபியைப் பாதியில் வைத்துவிட்டு, மேலங்கிப் பையில் கைவிட்டாள். சின்னச் சாவி இருந்தது. விடிகாலையில் அப்பா தலைக்கடியிலிருந்த தலையணைக்கு உறை மாற்றும்போது உள்ளேயிருந்து விழுந்தது. எதனுடைய சாவி என்று அவளுக்குத் தெரியும். பட்டறை மேஜையின் கீழ் இழுப்பறை. தன்னுடைய தோட்டாக்களை மட்டும் அவரே அடைப்பார், கதவைச் சாத்திக்கொண்டு, கை எவ்வளவு நடுங்கினாலும். கிழவருக்கு வறட்டுப் பெருமை என்றுதான் நினைத்திருந்தாள்.

பட்டறையில் எண்ணெய் வாடை. இழுப்பறை சிக்கிச் சிக்கித் திறந்தது. ஒரு துணியில் ஆறு தோட்டா சுற்றியிருந்தது. எடுத்துத் திருப்பி அடியைப் பார்த்தாள். செம்பு. இன்னொன்று. அதுவும் செம்பு. ஆறும் செம்புத் தலை. அதற்குப் பின்னால் ஒரு தகர டப்பா. எடுக்கும்போதே உள்ளே கலகலவென்றது. மூடியில் பென்சிலால், அப்பாவின் கோணல் கையெழுத்தில், ஒரே ஒரு வார்த்தை: 'எனக்கு'.

மேஜைமேல் கொட்டி எண்ணினாள். முப்பத்தாறு.

எண்ணி முடித்தும் அவளுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது முதலில் காதுதான் அடைத்தது. தீரவே இல்லை. தீர்ந்துபோச்சு என்று சொன்ன அன்றைக்கு இன்னும் நிறையவே இருந்திருக்க வேண்டும். இரண்டு பேருக்குப் பத்தாது என்று கணக்குப் போட்டிருக்கிறார். நல்லதைத் தனக்கு எடுத்து வைத்துக்கொண்டு, காகிதம் சுற்றியதை ஆர்மாஸுக்குக் கொடுத்திருக்கிறார். காகிதத்தில் ஆபத்தில்லை என்று நம்பியிருந்தால் தனக்கும் அதையே போட்டிருப்பாரே! தெரிந்துதான் செய்திருக்கிறார். அடப்பாவி மனுஷா. தெரிந்தே செய்த காரியத்துக்குப் பெற்ற மகளின் விரலையும் கடன் வாங்கியிருக்கிறார்.

விடுவிடுவென்று வீட்டுக்குள் போய்ப் படுக்கையறைக் கதவைத் தள்ளினாள். தவுனோ சவரம் செய்த முகத்தோடு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நல்லபிள்ளையாகப் படுத்திருந்தார். திறந்து வைத்த ஜன்னலில் திரை ஆடிக்கொண்டிருந்தது.

"என்ன காரியம்ப்பா பண்ணி வெச்சிருக்கீங்க?" என்றாள். குரல் கீச்சென்று வந்தது. "அவர் உங்கள அண்ணன் தம்பி மாதிரி நெனச்சாரே. நாப்பத்தஞ்சு வருஷம்! ஒரு அம்பது கேப்புக்கா? ஒரு வாத்துக்கா? சொல்லுங்க!"

அவர் எதற்குத்தான் பதில் சொல்லியிருக்கிறார், இதற்குச் சொல்ல? இர்மெலி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இருபது நிமிஷத்துக்கு முன்னால்வரை அழுகை வராமல் தவித்தவள், இப்போது துக்கத்திலா ஆத்திரத்திலா என்று தெரியாமல் தேம்பினாள்.

அழுது முடித்ததும் மணியைப் பார்த்தாள். ஒன்பதேகால். யோசிக்க வேண்டியிருந்தது. சிவப்புப் பெட்டியில் உள்ளதைக் கொடுத்தால் மிச்சமிருக்கிற ஒரு கண்ணும் போகலாம். அது நடக்காது, நடக்க விடமாட்டாள். செம்புத் தலையைக் கொடுத்தால் ஆர்மாஸ் ஒரு பார்வையில் கண்டுகொள்வார்: தீர்ந்துபோச்சுன்னானே, இது எங்கேருந்து வந்துச்சு? தோட்டாவே இல்லை என்று சொன்னால் ஏரி முழுக்க ஏன் என்று கேட்கும். வியாழக்கிழமை அப்பா வாயாலேயே பத்து இருக்கு என்று சொல்லியாயிற்று. எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுச்சந்து.

உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் செத்து நாலு மணிநேரம்கூட ஆகவில்லை. இன்னும் உடம்பு வீட்டுக்குள் கிடக்கிறது. ஆர்மாஸுக்குக் கண்தான் போயிற்று. சிநேகிதனையும் இன்றைக்கே பறிக்கணுமா? இப்படியெல்லாம் அவள் தனக்கே நியாயம் சொல்லிக்கொண்டாள். அடியில் இருந்தது பயம். காகிதம் சுற்றியது யார் என்ற கேள்வி அடுத்தபடியாக வருமே, அந்தப் பயம்.

பட்டறைச் சுவரோரம், நிஜ வாத்துகளை ஏமாற்றி இழுக்க மரத்தால் செய்த பொய்வாத்துகளுக்குப் பூசுகிற கறுப்பு வர்ணம் இருந்தது. சதுப்பில் நின்று சுடுகிறவர்கள் கேப்பின்மேல் ஈரம் இறங்காமலிருக்க எதையாவது பூசுவது உண்டு. மெல்லிய தூரிகையை எடுத்து, ஆறு தோட்டாவின் அடியிலும் செம்புத் தலையை மூடி வட்டமாக ஒரு பூச்சுப் பூசினாள். கை நடுங்கவில்லை. அதற்காகவே தன்மேல் அருவருப்பு வந்தது. ஜன்னலோர வெயிலில் காயவைத்து, சிவப்புப் பெட்டியில் இருந்த பத்தையும் எடுத்து சௌனா என்கிற நீராவிக் குளியல் குடிசையின் பின்னால் தண்ணீர் வாளியில் அமுக்கிவிட்டு, இந்த ஆறையும் பெட்டிக்குள் அடுக்கினாள். தகர டப்பாவை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது.

பத்தரைக்குத் துடுப்புச் சத்தம் கேட்டது. ஆர்மாஸும் அவர் மனைவி கில்லிக்கியும் படகில் வந்து இறங்கினார்கள். கில்லிக்கி துணி மூடிய கூடையோடு முன்னால் வந்தாள். எண்பதை நெருங்கினாலும் வாய்க்கு வயசாகாதவள்.

"என் கண்ணு," என்று இர்மெலியைக் கட்டிக்கொண்டாள். "சாப்டியா? சாப்ட்ருக்க மாட்ட. மூஞ்சியப் பாரு, காலங்காத்தால அடுப்புக்கரிய அள்ளிப் பூசிக்கிட்டு."

இர்மெலி கன்னத்தைத் தொட்டாள். கறுப்பு வர்ணம். "அடுப்பத் தொடச்சேன், சித்தி," என்றாள்.

"இன்னைக்குப் போயி அடுப்பத் தொடப்பாளா ஒருத்தி! எல்லாம் அப்பனோட புத்தி. அவனும் இப்டித்தான், மனசு சரியில்லன்னா எங்க வீட்டுக்கு வந்து விறகப் பொளப்பான்."

ஆர்மாஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு படுக்கையறைக்குள் போனார். நாற்காலி கட்டிலின் இடப்பக்கம், ஜன்னலைப் பார்த்துக் கிடந்தது. அங்கே உட்கார்ந்தால் கட்டில் வலக்கைப் பக்கம் இருக்கும். அதைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப்போட்டு, தன் நல்ல கண்ணுக்குச் சிநேகிதன் முகம் தெரியும்படி உட்கார்ந்தார். மூன்று வருஷமாக எந்த வீட்டுக்குப் போனாலும் இடம் பார்த்து உட்காருவது அவர் வழக்கமாகிவிட்டிருந்தது.

"முந்திக்கிட்டியேடா," என்றார் மெதுவாக. "இருபதாம் தேதி சேர்ந்து நிப்போம்னுதானடா சொன்ன. பொய் சொல்லிட்டியே."

வாசலில் நின்ற இர்மெலி சமையலறைக்குத் திரும்பிவிட்டாள்.

கில்லிக்கி கூடையிலிருந்து ரை ரொட்டியும் வெண்ணெயும் எடுத்து வைத்தாள். காபி ஊற்றும்போதும் அவள் வாய் ஓயவில்லை. "ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவகூட இவரத் தனியா விட்டதில்லம்மா உங்கப்பா. பெட்ரோலுக்குக் குடுத்தா வாங்க மாட்டார். 'சும்மா இருங்க கில்லிக்கி'ம்பார், மூஞ்சியத் திருப்பிக்குவார். கூடப் பொறந்தவன்கூடச் செய்ய மாட்டான் அப்டி. நான் இவருகிட்டச் சொல்லுவேன், ஒரு கண்ணு போனாப் போவுது, தவுனோ இருக்கான்ல உங்களுக்குன்னு."

"காபி போதுமா, சித்தி?" என்றாள் இர்மெலி.

"போதும், போதும். நீ உக்காந்து ஒரு வாய் சாப்டு."

பதினொன்றே முக்காலுக்கு ஆர்மாஸ் எழுந்து வந்தார். கண்கள் இரண்டும் சிவந்திருந்தன, பார்க்கிறதும் பார்க்காததும். "எடு பொண்ணு, பெட்டிய," என்றார்.

அவள் எடுத்துக் கொடுத்தாள். அவர் மூடியைத் திறந்து ஒரு தோட்டாவை எடுத்துத் திருப்பினார். இர்மெலி அவர் முகத்தைப் பார்க்காமல் மேஜை விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"என்ன இது, அடியில கறுப்பா?"

"ஈரம் எறங்காம இருக்க. அப்பா பூசச் சொன்னாரு, சித்தப்பா."

"கெட்டிக்காரன்," என்றார் ஆர்மாஸ். "சாகற நேரத்துலயும் என் தோட்டா நனையுமேன்னு பாத்திருக்கான் பாரு." இரண்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கில்லிக்கி செத்தவரைத் தனியாக விடக்கூடாதென்று உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். மற்ற இருவரும் கரைக்கு இறங்கினார்கள். சரிவான பாதை. ஆர்மாஸுக்கு இடப்பக்கம் படி தெரியாது என்பதால் இர்மெலி அந்தப் பக்கமாக நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் பையிலிருந்த டப்பா கலகலத்தது. அவள் கையை உள்ளே விட்டு இறுக்கிப் பிடித்தாள்.

தவுனோ எப்போதும் நிற்கிற பலகைத் துறையின் நுனியில் போய் ஆர்மாஸ் நின்றார். ஏரி சலனமில்லாமல் கிடந்தது. நாணல் ஓரங்களில் ஏழெட்டுப் படகுகள். எல்லாரும் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றியிருந்தார்கள். ரெய்யோவின் வழுக்கைத் தலை வெயிலில் தெரிந்தது. தூரத்தில் ஒரு வாத்துக் கூட்டம் தன்பாட்டுக்கு நீந்திக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு படகில் ரேடியோவை வைத்திருந்தார்கள். அதிலிருந்து பன்னிரண்டு மணிக்கான சர்ச் மணியோசை தண்ணீர்மேல் வந்தது.

ஆர்மாஸ் தோட்டாக்களை உள்ளே தள்ளித் துப்பாக்கியை மூடினார். உயர்த்தினார். இர்மெலி அவர் இடது கன்னத்தையே பார்த்தாள், கருகின தோல் சுருங்கிக் கிடந்த இடத்தை. நல்ல கேப்புதான், செம்புக் கேப்புதான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஓர் அடி பின்னால் போனாள்.

வெடித்தது. ஒன்று, உடனே இன்னொன்று. சத்தம் எதிர்க்கரைக் காட்டில் மோதித் திரும்பி வந்தது. புகை மேலே போயிற்று, ஒரு துளிகூடப் பின்னால் வரவில்லை. அடுத்த நொடி ஏரி முழுவதும் வெடிச் சத்தம். வாத்துகள் கும்பலாக எழும்பின.

ஆர்மாஸ் துப்பாக்கியைத் திறந்தார். சூடான கூடுகளை விரலால் இழுத்தெடுத்தார். இர்மெலி வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டிருந்தாள், எல்லாம் முடிந்தது என்ற நிம்மதியில். பின்னால் அவர் அசையாமல் நிற்பது தெரிந்து திரும்பிப் பார்த்தாள்.

கூட்டின் அடியை அவர் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். துப்பாக்கி ஊசி குத்தின இடத்தில் வர்ணம் பொருக்குத் தட்டி உதிர்ந்திருந்தது. விரலில் கறுப்பு ஒட்டிக்கொண்டது. நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். அடுத்த கூட்டை எடுத்து அதையும் நகத்தால் சுரண்டினார். வெயிலில் செம்பு பளிச்சென்றது.

"இது தீந்துபோச்சுன்னு சொன்னான்," என்றார்.

இர்மெலி இரண்டு அடி திரும்பி வந்தாள்.

"அஞ்சு வருஷம் முன்னாடி, உங்க வீட்டு மேஜையில உக்காந்து சொன்னான். நீயும் இருந்த."

"எனக்கும் இன்னைக்குக் காலையிலதான் தெரியும், சித்தப்பா. சத்தியமா."

"அப்ப எனக்குக் குடுத்ததுல என்ன இருந்துச்சு?"

பொய் சொல்ல இன்னும் ஒரு இடம் மிச்சமிருந்தது. துப்பாக்கிதான், பூட்டுதான் என்று அப்பா சொன்னதையே சொல்லிவிடலாம். அவள் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"புதுக் கேப்பு. ஆடாம இருக்க சிகரெட் காகிதம் சுத்தினது." அவர் முகத்தைப் பார்த்தாள். "சுத்தினது நான்."

ஏரியில் யாரோ வாத்து விழுந்ததற்காகக் கத்திச் சிரித்தார்கள். நாய் ஒன்று தண்ணீருக்குள் குதித்தது. ஆர்மாஸ் தலையைக் குனிந்து கையிலிருந்த இரண்டு கூட்டையும் பார்த்துக்கொண்டே நின்றார். திட்டுவார் என்று இர்மெலி காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது. அவர் கேட்டது ஒன்றுதான்.

"இந்தச் செம்புக் கேப்பு இன்னும் எத்தன இருக்கு?"

அவள் பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். அது கலகலத்தது. அந்தச் சத்தத்தை அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் கை நீட்டவில்லை. மூடியிலிருந்த எழுத்தை மட்டும் படித்தார்.

"முப்பத்தாறு," என்றாள்.

"ம்," என்றார் ஆர்மாஸ்.

கூடுகளைத் துறையின் பலகைமேல் நிமிர்த்தி வைத்தார். வெற்றுத் துப்பாக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார். இர்மெலி இடப்பக்கம் வந்தபோது, "பரவால்ல, நானே போறேன்," என்றார். படியில் ஒருமுறை தடுக்கியது. அவளைப் பிடிக்க விடவில்லை.

வீட்டுக்குள் கில்லிக்கி எதிரே வந்தாள். "ரெண்டும் வெடிச்சுதா? சத்தம் கேட்டுச்சு, கணீர்னு! தவுனோ அடைச்சதுன்னா சும்மாவா!" அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "என்ன, கெளம்பலாமா?"

"டாக்டர் வரட்டும்," என்றார் ஆர்மாஸ். "அதுவரைக்கும் யாராச்சும் உக்காரணும்ல."

துப்பாக்கியைக் கதவோரம் சாய்த்துவிட்டுப் படுக்கையறைக்குள் போனார். இர்மெலி வாசலில் நின்று பார்த்தாள். அவர் நாற்காலியைத் தூக்கினார். கட்டிலின் காலடியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், அங்கே ஜன்னலைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார். இப்போது தவுனோ அவருக்குக் கண் இல்லாத இடக்கைப் பக்கம் இருந்தார். ஜன்னலுக்கு வெளியே ஏரியில் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஆர்மாஸ் நல்ல கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.